ஓரம் வரை ஓடிய கோடு

பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து டைல்ஸ்காரர் வீடு திரும்பிய காலையில் விடாத தூறல். முழங்கால் இரண்டிலும் சிமெண்டு காய்ந்து விறைத்த பேண்ட், தோளில் கருவிப் பை, கையில் நனையாமல் பொத்திக் கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மனைவியின் சத்தம் கேட்டது. அவள் குரல் சாதாரணமாகவே நாலு வீடு தாண்டும். தையல் ஆலையில் ஐம்பது மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அன்றைக்கு அந்தக் குரல் நடுநடுவே உடைந்தது.

உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் மைத்துனன் கிடந்தான். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. நெற்றியில் தையல். கீழுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது.

"என்னம்மா இது? என்னடா ஆச்சு உனக்கு?"

"வாங்க, வாங்க. உங்க மச்சான் இன்டர்வியூக்குப் போயிட்டு வந்திருக்கிற லட்சணத்தைப் பாருங்க" என்றாள் மனைவி. "நேத்து காலையில போனவன். படிக்கட்டுல உருண்டு, யாரோ புண்ணியவான் ஆட்டோவில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கான். கால் எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"பண்ணினா நீங்க என்ன, ரெக்கை கட்டிப் பறந்து வந்திருப்பீங்களா? எப்படியும் காலையில வரப்போறீங்க. வண்டியில உக்காந்து பதறுவானேன்னு விட்டேன்."

இந்த மைத்துனனுக்கு இருபத்தெட்டு வயது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அக்கா தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். முதல் எட்டு மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். சுவரா வாசலா என்பதே அவனுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். பிறகு யாரோ சொல்லி, பக்கத்து ஊரில் பார்வையில்லாதவர்களுக்கென்று இருக்கும் பயிற்சி இல்லத்தில் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம் அங்கே தங்கி, மூன்று மாதத்துக்கு முன் திரும்பி வந்தபோது ஆளே வேறு. கையில் வெள்ளைக் கோல். தனியாக பஸ் ஏறினான், தனியாக இறங்கினான், கடைக்குப் போய் முட்டையைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தான். அவன் தெருவில் நடந்து போவதை டைல்ஸ்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. என்னவோ தானே பெற்று வளர்த்த மாதிரி ஒரு பெருமை.

அந்தக் கோல் இப்போது அவன் கட்டில் பக்கத்தில் இல்லை.

"எங்க அவன் கோல்?"

"பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்" என்றாள் அவள், சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டி. "போனதெல்லாம் போதும். கண்ணு தெரியிறவங்களே தடுக்கி விழற ஊரு இது. உனக்கு எதுக்குடா வேலை? நான் ஒருத்தி சம்பாதிக்கலையா, உங்க மாமா சம்பாதிக்கலையா? உனக்கு என்ன குறை வச்சோம்?"

அவள் டீயைக் கொண்டுவந்து கணவன் கையில் கொடுத்தாள். இன்னொரு தம்ளரைத் தம்பியின் உதடு தடித்த பக்கம் படாமல் வாயோரமாகப் பிடித்தாள். திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். அவளுக்குப் பாசத்தையும் வசவையும் தனித்தனியாகப் பரிமாறத் தெரியாது.

டைல்ஸ்காரர் ரொட்டியை டீயில் நனைத்து வாயில் போட்டார். பசி காதை அடைத்தது. "எப்படிடா விழுந்த? நல்லாத்தானே நடப்ப?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் மாமா நடந்தேன்." மைத்துனன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "புதுசா கட்டியிருக்காங்களே ஆபீஸு, அங்கதான். போன் எடுத்துப் பேசற வேலை. எங்க இல்லத்துலேர்ந்து ஏழு பேருக்கு லெட்டர் வந்துச்சு. எனக்கு மட்டும் நேத்து. கேட்லேர்ந்தே தரையில கல்லு பதிச்சிருந்தாங்க. எங்களுக்குன்னு போடுவாங்களே, மஞ்சக் கல்லு. மஞ்சளா பச்சையான்னு யாரு கண்டா, சொல்றாங்க."

"ம்."

"அதுமேல கோலை வச்சு நடந்தேன். சரிவு வந்துச்சு, ஏறினேன். ஏறினதும் நீள வராந்தா. நேரா போ, கடைசி ரூம்னாரு வாட்ச்மேன். அந்த வராந்தாவுல கல்லு போட்டிருந்தாங்க பாருங்க மாமா, உங்களை மாதிரி ஒரு ஆளு போட்டிருக்கணும். ஒரு கல்லு ஏறல, ஒரு கல்லு இறங்கல. காலுக்குக் கீழ கோடு தண்ணி மாதிரி ஓடுது. இவ்வளவு சுகமா நான் எங்கயுமே நடந்ததில்ல. வேலையே கிடைச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் என்னடா?"

"புள்ளி வரும்னு நடந்தேன். வரல."

"என்ன புள்ளி?"

மைத்துனன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "என்ன மாமா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? கோட்டுக் கல்லு இருந்தா நட, வழி இருக்குன்னு அர்த்தம். புள்ளிக் கல்லு வந்தா நில்லு. முன்னால படி இருக்கும், கதவு இருக்கும், இல்லன்னா திருப்பம் இருக்கும். முதல் நாள் அதைத்தான் சொல்லித் தருவாங்க. நம்ம குழாயடியில நாலு கல்லு பதிச்சிருக்கீங்களே, முண்டு முண்டா, அந்தக் கல்லுதான். வந்த புதுசுல நான் அதுமேல கால் வச்சதும் நின்னுட்டேன். அப்புறம் அக்காதான் சொன்னா, மிச்சம் விழுந்ததை மாமா வழுக்காம இருக்கப் போட்டாருன்னு."

டைல்ஸ்காரர் அடுத்த ரொட்டியைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

இருபத்திரண்டு வருஷமாகத் தரை போடுகிற மனுஷர். நூல் கட்டாமல் ஒரு கல் வைத்ததில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டும் சத்தத்தை வைத்தே கல்லுக்கு அடியில் பசை எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த மஞ்சள் கல் எதற்கு என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. மழையில் கால் வழுக்காமல் இருக்க என்றுதான் அவரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக் கல் நடுவில் ஓடும், புள்ளிக் கல் ஓரத்துக்கு அழகு, அவ்வளவுதான். எந்தக் கல் எங்கே வரவேண்டும், படிக்கு எத்தனை அங்குலம் முன்னால் என்று விவரமாகச் சொல்லும் விதிமுறைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அது சூப்பர்வைசருடைய காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். தரையில் மண்டியிட்டுக் கல் பதிக்கிறவன் கைக்கு அது வந்ததே இல்லை.

"டேய்" என்றார். "அந்தப் படி, ஏழு படியா?"

"விழும்போது யாரு மாமா எண்ணினா? வாட்ச்மேன்தான் சொன்னாரு, ஏழு படியும் உருண்டுட்டியேன்னு."

"இடது கைப்பக்கம் உருண்டையா ஒரு தூண்?"

"ஆமா, கையில தட்டிச்சு. பிடிக்கப் பார்த்தேன், நழுவிடுச்சு." மைத்துனன் தலையைத் தூக்கினான். "அங்க போயிருக்கீங்களா மாமா?"

போயிருக்கிறார். இருபது நாள் அந்த வராந்தாவில் முழங்காலில் நகர்ந்திருக்கிறார். ஒன்றரை வருஷம் இருக்கும். கடைசி நாள், கடைசி வரிசை. வராந்தா முடிந்து கீழே இறங்கும் படிக்கு முன்னால், முழு அகலத்துக்கும் புள்ளிக் கல் பதிக்கவேண்டும், பன்னிரண்டு கல். எண்ணிப் பார்த்தால் பெட்டியில் நாலுதான் மிச்சம். மறுநாள் பரிசோதனைக்கு அதிகாரி வருகிறார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது யோசனை சொன்னது வேறு யாருமில்லை, இவரேதான்.

'நாலு கல்லைப் போட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்கும் சார். விடுங்க, கோட்டுக் கல்லு நிறைய இருக்கு. கோட்டை அறுக்காம அப்படியே ஓரம் வரைக்கும் ஓட்டிடறேன். பார்க்க லட்சணமா இருக்கும்.'

ஓட்டியும் விட்டார். கடைசிக் கல்லை இரண்டு விரல் அகலம் வெட்டி, படியின் விளிம்போடு கோடு சரியாக முடியும்படி வைத்தார். எழுந்து பின்னால் தள்ளிப் போய் நின்று பார்த்தார். கேட்டிலிருந்து படி விளிம்பு வரை ஒரே கோடு, ஒரு நூல் பிசகில்லை. மறுநாள் அதிகாரி வந்தார். மஞ்சள் கல் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. போட்டோ பிடித்துக்கொண்டு போனார். சூப்பர்வைசர் இவர் முதுகில் தட்டினார். மிச்சமான நாலு புள்ளிக் கல்லையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதைத்தான் வீட்டுக் குழாயடியில் பதித்தார்.

டைல்ஸ்காரர் கையிலிருந்த டீ தம்ளர் சாய்ந்து முழங்காலில் ஊற்றியது. சூடு உறைக்கவே இல்லை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் பேசினான். "கல்லை ஏன் குத்தம் சொல்லணும் மாமா? யோசிச்சுப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமா போட்டவங்க புள்ளியை விட்டிருப்பாங்களா? இருந்திருக்கும். என் காலுக்குத்தான் தெரியலை. வேலை நினைப்புல மிதிச்சிட்டுப் போயிருப்பேன். ஒன்றரை வருஷம் கத்துக்கிட்டு என்ன, என் காலையே நம்ப முடியலன்னா எதை நம்பி வெளிய போறது? நீ சொல்றது சரிதான்க்கா. நான் வீட்லயே இருந்துக்கறேன்."

இதைத்தான் காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் அவளுக்கே பிடிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

டைல்ஸ்காரருக்குள் ஒரு கணக்கு ஓடியதை மறைப்பானேன். சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. கால் ஆறு வாரத்தில் கூடிவிடும். பையன் வீட்டில் இருப்பான், அக்கா சோறு போடுவாள், இந்த வீட்டில் இவர் எப்போதும் போல மாமாவாக இருப்பார். அப்படி நினைத்த அடுத்த நிமிஷம், அந்த எட்டு மாதம் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது. சுவரில் அவன் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"உன் காலு சரியாத்தான்டா படிச்சுது" என்றார்.

"என்ன மாமா?"

"அங்க புள்ளி இல்ல. நான்தான் போடல. அந்தத் தரை நான் போட்டது. கல்லு பத்தலை. கோட்டுக் கல்லையே ஓரம் வரைக்கும் வச்சு முடிச்சேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அழகா இருக்கும்னு வச்சேன்டா. அழகா இருக்கும்னு."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபமாவது வந்திருக்கலாம். அதுகூட வரவில்லை.

"நீங்களா?" என்றாள். ஐம்பது மெஷினுக்கு மேல் பேசுகிற தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. "எங்கம்மா சாகும்போது அவனை உங்க கையிலதானங்க பிடிச்சுக் கொடுத்தாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டட்டும், அடிக்கட்டும், மைத்துனன் எச்சில் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். மைத்துனன் செய்தது அதொன்றும் இல்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"மணி என்ன?"

"ஏன்டா?"

"மணி என்னன்னு சொல்லுங்க மாமா!"

"பத்தாகுது."

"அக்கா, என் போனைக் கொடு. சீக்கிரம். இன்னைக்கு மத்த ஆறு பேருக்கும் இன்டர்வியூ. பத்தரைக்கு. நேத்து கேட்டுல வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சுட்டு, போனை அவர்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னால எல்லாருக்கும் பண்ணி நான்தான் சொன்னேன். நல்ல கட்டடம், கேட்லேர்ந்து கடைசி வரைக்கும் கல்லு இருக்கு, யார் கையையும் பிடிக்க வேணாம், தைரியமா வாங்கன்னு."

"விழுந்ததைச் சொல்லலையா?"

"வெட்கமா இருந்துச்சு மாமா. என் தப்புன்னுல்ல நினைச்சேன்."

போன் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் எடுக்கவில்லை. நாலாவதை இல்லத்து வார்டன் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது. "அவங்க அப்பவே கிளம்பிட்டாங்கப்பா. செல்போன் கொண்டு வரக்கூடாதுன்னு லெட்டர்ல போட்டிருந்துச்சில்ல, ஆறு பேருதும் என் மேசை மேலதான் கிடக்கு. நான் துணைக்கு வரேன்னேன். வேணாம் சார், கல்லு இருக்குதாம், நாங்களே போயிக்கறோம்னு சிரிச்சுக்கிட்டே போறாங்க. ஏன், என்ன விஷயம்?"

டைல்ஸ்காரர் அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை நிற்கவில்லை.

செருப்புப் போட்டாரா, வண்டியை எப்படி எடுத்தார், எந்தத் தெருவில் திரும்பினார் என்று பின்னால் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தூறல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. வழியெல்லாம் ஒரே நினைப்பு. அந்தக் கடைசிக் கல்லை இரண்டு விரல் வெட்டினாரே, கட்டரை எவ்வளவு பொறுமையாக ஓட்டினார், முனை சிதறாமல் இருக்க எவ்வளவு பக்குவமாகத் தண்ணீர் விட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியை மழைபடாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியாதவங்க ஆறு பேரு வந்தாங்களா?"

"இப்பத்தான் மேல ஏறினாங்க. நேத்து ஒருத்தன் வந்து விழுந்து வச்சான். பார்த்து வரக்கூடாதா இவங்கள்லாம்? யோவ், வண்டியை எங்க போட்டுட்டுப் போற?"

வண்டி தன்பாட்டில் சாய்ந்து விழுந்தது. சரிவில் ஓடி ஏறினார். வராந்தா தலைப்பில் கால் வைத்ததும் பார்த்தார்.

ஆறு பேரும் பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, அவருடைய கோட்டின் மேல். தட்டுத் தடுமாறி, தோளைப் பிடித்து, மெதுவாகப் போவார்கள் என்றுதான் நினைத்து வந்தார். அவர்களோ விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். கோல் முனைகள் கோட்டில் சரசரவென்று உரசின. பேச்சு, சிரிப்பு. முன்னால் போகிறவள் ஒரு பெண், மடிப்புக் கலையாத உடுப்பு, தோளில் பை. சொந்த வீட்டுக் கூடத்தில் நடக்கிற நடை. அவள் காலுக்கும் படிக்கும் நடுவே நாற்பது அடி இருக்கலாம்.

கத்த வாயைத் திறந்தார். ஓடி வந்த இளைப்பில் வெறும் மூச்சுதான் வந்தது. கோட்டுக்கு வெளியே சாம்பல் தரையில் ஓடினார். அதுவும் அவர் போட்ட தரைதான், மழுமழுவென்று. சாரல் நனைத்திருந்ததில் கால் வழுக்கி முழங்கால் இரண்டும் மடாரென்று இடித்தன. எழுந்திருக்க நேரமில்லை. அப்படியே முழங்காலில் தவழ்ந்து, படி விளிம்பில் கோட்டுக்கு மேலே போய்க் குறுக்கே உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தார்.

கோல் முனை அவர் மார்பில் குத்தி நின்றது.

"யாருங்க?" என்றாள் அந்தப் பெண். "வழியில உக்காந்திருக்கீங்க? கொஞ்சம் நகருங்க."

"நகர மாட்டேன்மா. நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க. இதுக்கு மேல வழி இல்ல. படி இருக்கு."

"படியா?" அவள் கோலால் அவர் தொடைக்குப் பக்கத்தில் துழாவினாள். "கோடு போகுதே."

"போகுதும்மா. தப்பாப் போகுது. இந்தக் கல்லு பொய் சொல்லுது."

"கல்லு எப்படிங்க பொய் சொல்லும்? யாரு நீங்க?"

"கல்லு போட்டவன்" என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. மார்பில் கோல் முனை அழுந்தியிருக்கவே, நேற்று இங்கே விழுந்தவன் தன் மைத்துனன் என்பதையும், பன்னிரண்டு கல் வேண்டிய இடத்தில் நாலு இருந்ததையும், யோசனை சொன்ன வாய் தன் வாய்தான் என்பதையும் அழுதுகொண்டே சொன்னார். பின்னால் நின்ற ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பி நின்றார்கள்.

அந்தப் பெண் கோலை நீட்டி, அவர் தோளுக்கு மேலாகக் காற்றில் இறக்கினாள். அது எங்கும் தட்டுப்படாமல் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவள் சட்டென்று கோலை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் கேட்டாள். "இங்க மட்டும்தானா?"

டைல்ஸ்காரருக்கு அதுவரை தோன்றாதது அந்தக் கேள்வியில்தான் தோன்றியது. இந்த வராந்தா அழகாக இருக்கிறது என்று சூப்பர்வைசருக்குப் பிடித்துப்போயிருந்தது. அதற்கப்புறம் எடுத்த வேலைகளில் புள்ளிக் கல் வாங்குவதையே அவர் நிறுத்திவிட்டார். ஓரம் வரை கோட்டை ஓட்டு, நீ போட்டாயே அது மாதிரி, என்பார். இவரும் ஓட்டினார்.

"பஸ் ஸ்டாண்டு" என்றார். "மூணாவது மேடை."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் கோலைத் தரையில் ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டான். "காலையில அங்கதான் இறங்கினோம்" என்றான். "நான் தினமும் அங்கதான் ஏறுவேன்."

"இன்னும்?"

"பெரிய ஆஸ்பத்திரி. பின் வாசல். அப்புறம் காலேஜு, ரயில் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறுற இடம்..." எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் கடைசி அறைக் கதவு திறந்தது. கையில் காகிதத்தோடு ஒரு குமாஸ்தா தலையை நீட்டி, முதல் ஆளை உள்ளே வரச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

"முதல் நம்பர் யாருங்க? மேடம், நீங்கதானே? நேரமாகுது, உள்ள உக்காந்திருக்காங்க."

"இருங்க சார்" என்றாள் அந்தப் பெண், அவர் பக்கம் திரும்பாமலே. பிறகு தரையைத் தடவி டைல்ஸ்காரருக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். மற்ற ஐந்து பேரும் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். "மெதுவா, ஒவ்வொரு இடமா. எந்தப் பக்கம், எத்தனை படி. எழுத ஒண்ணும் இல்ல, நாங்க மனசுல வச்சுக்கணும்."